12 மங்கீஸ் படத்தில் கோல் தோற்றானா, ஜெயித்தானா?

மழைவாசகன் எழுதியது:

நேற்று ராத்திரி 12 மங்கீஸ் பார்த்து முடித்தேன். 1995-ல் வந்த படம், டெர்ரி கில்லியம் இயக்கியது. பெயர் ரொம்ப நாளாகத் தெரியும், பெருந்தொற்று நேரத்தில் எல்லோரும் இதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள், ஆனால் அப்போது எனக்கு இதைப் பார்க்கும் தெம்பு இல்லை. இப்போதுதான் துணிந்தேன். இனி எழுதுவதில் முடிவு வரைக்கும் வரும், படம் பார்க்காதவர்கள் தயவுசெய்து இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒரு வைரஸ் 1996-லும் 1997-லும் 500 கோடிப் பேரைக் கொன்றுவிடுகிறது. பிழைத்தவர்கள் பூமிக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறார்கள், மேலே கரடியும் சிங்கமும் காலி நகரத்தில் நடமாடுகின்றன. அந்தப் பாதாள உலகத்தில் கைதியாக இருக்கும் ஜேம்ஸ் கோலை (ப்ரூஸ் வில்லிஸ்) விஞ்ஞானிகள் கடந்த காலத்துக்கு அனுப்புகிறார்கள். நான் படம் முழுக்க அவன் எப்படியாவது அந்த வைரஸைத் தடுத்துவிடுவான் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பிலடெல்பியா விமான நிலையத்தில், வைரஸ் குப்பிகளோடு போகிற டாக்டர் பீட்டர்ஸ் கண் முன்னாலேயே இருக்கிறான், கோல் துப்பாக்கியோடு ஓடுகிறான், போலீஸ் சுட்டு விழுந்துவிடுகிறான். அதைச் சின்னப் பையன் கோலே நின்று பார்க்கிறான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

இதில் எனக்குப் பிடிபடாதது இதுதான். எதையும் மாற்ற முடியாது என்று அந்த விஞ்ஞானிகளுக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது. அப்புறம் எதற்கு ஒரு மனுஷனை இப்படிக் கிழித்துப்போட வேண்டும்? "மாறாத மூல வைரஸ் வேண்டும்" என்கிறார்களே, அது கிடைத்தால் உண்மையிலேயே ஏதாவது செய்ய முடியுமா, இல்லை கதைக்காகச் சொன்னதா? கடைசியில் விமானத்தில் பீட்டர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண், தான் இன்சூரன்ஸில் வேலை பார்ப்பதாகச் சொல்கிறாளே, அவள் எதிர்காலத்து விஞ்ஞானிகளில் ஒருத்திதானே? அவள் அங்கே எப்படி வந்தாள்? இரண்டு முறை பின்னால் ஓட்டிப் பார்த்தும் எனக்குத் தெளிவாகவில்லை.


பழையரீல் பதில்:

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள், அதற்கு அப்புறம் படமே வேறு மாதிரித் தெரியும். கோலை வைரஸைத் தடுக்கச் சொல்லி யாரும் அனுப்பவில்லை. அவன் வேலை தகவல் சேகரிப்பது மட்டும்தான். வைரஸ் எங்கே, யாரிடம் இருந்தது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். இடம் தெரிந்தால் ஒரு விஞ்ஞானியே போய் மாதிரியை எடுத்து வருவார், அதை வைத்து மருந்து செய்து மிச்சமிருக்கும் மனிதர்களை மறுபடி பூமிக்கு மேலே கொண்டுவரலாம். கோலே 1990-ல் பால்டிமோர் மனநல மருத்துவமனையில் டாக்டர்களிடம் இதைச் சொல்கிறான், தன்னால் யாரையும் காப்பாற்ற முடியாது, அதெல்லாம் நடந்து முடிந்தது என்று. நாம்தான் ஹீரோ என்றால் உலகத்தைக் காப்பாற்றுவான் என்று முடிவுகட்டிக்கொண்டு பார்க்கிறோம்.

இனி அந்தத் தொலைபேசி விஷயத்துக்கு வருகிறேன், உங்கள் கேள்விக்கான சாவி அங்கேதான் இருக்கிறது. எதிர்காலத்து ஆட்கள் கோலிடம் ஒரு எண் கொடுத்திருக்கிறார்கள். அந்த எண்ணில் இருக்கும் பதிவில் யார் பேசினாலும், அந்த நாடா பல வருஷம் கழித்து அவர்கள் கைக்கு வரும், சிதைந்துபோன ஒலியைத் துண்டு துண்டாக ஒட்டவைத்துக் கேட்பார்கள். 1990-ல் அந்த எண்ணைக் கூப்பிட்டால் யாரோ ஒரு குடும்பத்தலைவி எடுக்கிறாள், ஏனென்றால் தவறான வருஷத்துக்கு அனுப்பிவிட்டார்கள். 1996-ல், கோலுக்குச் சிகிச்சை பார்த்த மனநல மருத்துவர் டாக்டர் ரெய்லி (மேடலின் ஸ்டோ) அதே எண்ணைக் கூப்பிடுகிறாள், கம்பளம் சுத்தம் செய்யும் ஒரு கம்பெனியின் பதிவுக் கருவி எடுக்கிறது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, நமக்குத்தான் பைத்தியம், உலகத்துக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொண்டு ஓடி வருகிறாள், தான் என்ன பேசிவிட்டு வந்தேன் என்று சொல்ல ஆரம்பிக்கிறாள். மீதியைக் கோல் சொல்லி முடிக்கிறான். ஏனென்றால் அந்தக் குரலை அவன் எதிர்காலத்தில் ஏற்கனவே கேட்டுவிட்டான். இந்த இடத்தில் அவள் முகம் மாறுவதை மட்டும் இன்னொரு தடவை பாருங்கள், படத்தில் ரத்தமே இல்லாத ஆனால் மிகப் பயங்கரமான காட்சி அதுதான் என்பேன்.

அப்புறம் விமான நிலையத்தில் கோல் கடைசியாக ஒரு செய்தி விடுகிறான். வைரஸைப் பரப்பியதாக எல்லோரும் சந்தேகப்பட்ட 12 குரங்குகள் கும்பலுக்கும் அந்த வைரஸுக்கும் சம்பந்தமில்லை, அவர்களைத் தேடுவதை விட்டுவிடுங்கள், நான் திரும்பி வரப்போவதில்லை என்று. சில நிமிஷத்துக்குள், எதிர்காலத்தில் கோலோடு கைதியாக இருந்த ஹோசே வந்து நிற்கிறான், செய்தி கிடைத்தது என்கிறான், துப்பாக்கியைக் கையில் திணிக்கிறான். நமக்கு அது சில நிமிஷம், அவர்களுக்கு அதை ஒட்டவைத்துக் கேட்க எத்தனை நாள் ஆனதோ. ஆனால் அதனால்தான் அந்த இடமும் நேரமும் அவர்களுக்குத் தெரிந்தது. தெரிந்ததால்தான் அந்தப் பெண் விமானத்தில் இருக்கிறாள். அவள் எதிர்காலத்தில் கோலை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்ட அதே ஆள், அதே வயது. 1996-ல் கோல் சின்னப் பையன், எதிர்காலத்தில் நடுத்தர வயது ஆள். அவள் அந்தக் காலத்திலேயே வாழ்ந்த தன் இளைய உருவமாக இருந்தால் அத்தனை வருஷம் இளமையாக அல்லவா இருக்க வேண்டும்? அப்படி இல்லை. ஆகவே அவள் பயணம் செய்து வந்தவள். என் கணக்கில் கோல் ஜெயித்தான். தான் ஜெயித்தது அவனுக்கே தெரியாது, அவ்வளவுதான்.


தூரதேசி பதில்:

பழையரீல் சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'ஜெயித்தான்' என்ற சொல் எனக்கு வலிக்கிறது. அந்த விஞ்ஞானிகளை நல்லவர்களாகப் பார்க்க என்னால் முடியவில்லை. மன்னிப்புத் தருகிறோம் என்று ஆசை காட்டி ஒரு கைதியைத் 'தன்னார்வலர்' ஆக்குகிறார்கள், முதல் தடவை வருஷம் தப்புகிறது, அடுத்த தடவை முதல் உலகப் போர் பதுங்குகுழிக்குள் நிர்வாணமாகப் போய் விழுந்து காலில் குண்டு வாங்குகிறான். கடைசியில் அவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்து, சொன்னபடி செய்யாவிட்டால் ரெய்லியைச் சுடுவேன் என்று ஹோசே மிரட்ட வேண்டியிருக்கிறது. இடம் தெரிந்துவிட்டது என்றால் கோல் எதற்கு ஓட வேண்டும்? அவன் ஓடினான் என்பது நடந்துமுடிந்த கதை, அதனால் ஓட வைத்தார்கள். எனக்கு இதில் நம்பிக்கையே தெரியவில்லை, ஒரு வட்டம் மூடிக்கொள்வதுதான் தெரிகிறது.

இன்னொன்று, பாதுகாப்புச் சோதனையிலேயே பீட்டர்ஸ் ஒரு குப்பியைத் திறந்து காவலாளியிடம் நீட்டுகிறானே, அப்போதே எல்லாம் தொடங்கிவிட்டது. விமானம் ஏறுவதற்கு முன்னாலேயே.


நுண்ணோக்கி பதில்:

நான் நுண்ணுயிரியல் படித்தவள், அதனால் நடுக் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். மூல வைரஸ் வேண்டும் என்பது வெறும் கதைக்காகச் சொன்னதில்லை. உண்மையிலேயே ஒருவர் அதைத் தேடிப் போயிருக்கிறார், அந்தக் கதை எனக்கு இந்தப் படத்தை விடப் பெரிது.

1918 இன்ஃப்ளுயன்சா உலகத்தில் சுமார் 5 கோடிப் பேரைக் கொன்றதாகக் கணக்கிடுகிறார்கள். அலாஸ்காவில் ப்ரெவிக் மிஷன் என்ற சின்னக் கடலோரக் குடியிருப்பில் 80 பெரியவர்கள் இருந்தார்கள், அந்த நவம்பரில் 5 நாளில் 72 பேர் இறந்துபோனார்கள். அவர்களைப் புதைத்த மண் வருஷம் முழுக்க உறைந்தே கிடப்பது. 1951-ல் யோஹான் ஹல்டின் என்ற இளைஞர் அங்கே போய், ஊர்ப் பெரியவர்களிடம் அனுமதி வாங்கி, அந்தப் புதைகுழியைத் தோண்டி நுரையீரல் துண்டுகளை எடுத்து வந்தார். ஆய்வகத்தில் வைரஸ் உயிர்பெறவில்லை. 46 வருஷம் கழித்து, 1997-ல், ஜெஃப்ரி டாபன்பெர்கர் குழு பழைய ராணுவ மருத்துவமனைத் திசுக்களிலிருந்து அதே வைரஸின் மரபணுத் துண்டுகளைப் படித்துவிட்டதாக வந்த கட்டுரையைப் பார்த்து, தானே கடிதம் எழுதி, 72 வயதில் மறுபடி அதே குழிக்குப் போனார் ஹல்டின். இந்த முறை, உடல் கொழுப்பால் பாதுகாக்கப்பட்டிருந்த ஒரு பெண்ணின் நுரையீரல் கிடைத்தது. 2005-ல் முழு மரபணு வரிசையும் வெளியானது, அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தில் அந்த வைரஸை மறுபடி உயிரோடு உருவாக்கியும் பார்த்தார்கள், அது ஏன் அவ்வளவு கொடியதாக இருந்தது என்று தெரிந்துகொள்ள. அந்தக் காலத்துக்கே போய்த் திரும்பியது போலத்தான், நாற்காலியும் இயந்திரமும் இல்லாமல். 1918-ல் இறந்த ஒருவரையும் அது காப்பாற்றவில்லை. அப்படி ஒரு நோக்கமும் அதற்கு இல்லை.

மூல வைரஸ் ஏன் முக்கியம் என்றால், ஆர்என்ஏ வைரஸ்கள் (இன்ஃப்ளுயன்சா, கொரோனா மாதிரி) பெருகும்போது பிழைகளைச் சேர்த்துக்கொண்டே போகும். பல வருஷம் கழித்துக் கையில் இருப்பது அதன் பேரன் பேத்திகள், ஒவ்வொன்றும் வேறு வேறு பக்கம் போயிருக்கும். முதல் உருவம் தெரிந்தால் எந்தப் பகுதி மாறாமலே நிற்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம், அந்த இடத்தைக் குறிவைத்து மருந்தோ தடுப்பூசியோ செய்யலாம். படம் இதையெல்லாம் விளக்கவில்லை, ஆனால் யோசனை சரியான யோசனைதான்.

காலம் தாண்டி வந்த வைரஸும் ஒன்று உண்டு. எச்1என்1 இன்ஃப்ளுயன்சா 1957-ல் மனிதர்களிடமிருந்து மறைந்துபோனது, 1977-ல் திரும்பி வந்தது. பார்த்தால் மரபணு கிட்டத்தட்ட 1950-ஐ ஒட்டிய வைரஸ்கள் மாதிரியே இருக்கிறது. 20 வருஷத்துக்கு மேல் மாறாமல் இயற்கையில் சுற்றியிருக்க வழியே இல்லை, எங்கேயோ உறைநிலையில் இருந்திருக்க வேண்டும். ஆய்வகத்திலிருந்தோ தடுப்பூசிச் சோதனையிலிருந்தோ வெளியே வந்தது என்பதுதான் பலருடைய கருத்து. பெரும்பாலும் இளைஞர்களுக்குத்தான் வந்தது, ஏனென்றால் மூத்தவர்கள் உடலுக்கு அது பழைய ஆள்.

பீட்டர்ஸ் பற்றி ஒரு வார்த்தை. எல்லோரும் பிராட் பிட் நடித்த ஜெஃப்ரி கோயின்ஸைச் சந்தேகப்படுகிறோம், அவன் கத்துகிறான், கண் ஒரு பக்கமாக ஓடுகிறது. கடைசியில் அவனும் அவன் 12 குரங்குகள் கூட்டமும் செய்தது மிருகக்காட்சிச் சாலையைத் திறந்துவிட்டதுதான். உண்மையில் செய்தவன் ஆய்வகத்தில் சாவி வைத்திருந்த, அமைதியாகப் பேசுகிற உதவியாளர். படம் வந்து 6 வருஷம் கழித்து, 2001-ல் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய நோய்க்கிருமி வைத்த கடிதங்கள் வந்தன, 5 பேர் இறந்தார்கள், விசாரணை கடைசியில் சுட்டியது ஆந்த்ராக்ஸ் தடுப்பூசி ஆய்வில் இருந்த ஒரு அரசு விஞ்ஞானியை. அது தெரிந்த பிறகு, புத்தக வெளியீட்டில் ரெய்லியிடம் பீட்டர்ஸ் பேசும் அந்தச் சின்னக் காட்சியை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை.


மழைவாசகன் எழுதியது:

நுண்ணோக்கி, ப்ரெவிக் மிஷன் பற்றி எனக்கு எதுவுமே தெரியாது, ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம் மட்டும். கொரோனாவுக்கு மரபணு வரிசையை இணையத்தில் போட்டதும் தடுப்பூசி வேலையை ஆரம்பித்துவிட்டார்கள் என்று படித்த ஞாபகம். அப்படியென்றால் எதிர்காலத்து ஆட்களுக்கு வைரஸே வேண்டாமே, அந்த வரிசையை அந்தத் தொலைபேசியில் யாராவது வாசித்தால் போதாதா?


நுண்ணோக்கி பதில்:

நல்ல கேள்வி, நேற்று முழுக்க இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். 2020 ஜனவரி 2-வது வாரத்தில் வரிசை வெளியானது, மார்ச் 16 அன்று முதல் பரிசோதனை ஊசியை ஒருவருக்குப் போட்டுவிட்டார்கள், எம்ஆர்என்ஏ தடுப்பூசி. அதைச் செய்ய வைரஸ் கையில் இருக்க வேண்டிய அவசியமில்லை, அந்த மரபணு வரிசையின் எழுத்துகள் போதும். கொரோனாவுக்குச் சுமார் 30,000 எழுத்து. நொடிக்கு ஒன்று என்று வாசித்தால் 8 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. கம்பளம் கம்பெனியின் நாடா அவ்வளவு தாங்காது, பல தடவை கூப்பிட வேண்டியிருக்கும். ஆனால் அதை வாசிக்க 1996-ல் யாராவது அந்த வைரஸைப் பிரித்தெடுத்து வரிசைப்படுத்தியிருக்க வேண்டுமே. அந்தப் படத்தில் அது இருப்பது ஒரே ஒரு ஆய்வகத்தில், தெரிந்தவன் ஒரே ஒருவன். ஆகவே ஒரு ஆள் போய் எடுத்தே ஆக வேண்டும். 1995-ல் எழுதியவர்களுக்கு வேறு வழி தோன்றியிருக்கவும் முடியாது.


காலச்சுழி பதில்:

தாமதமாக வருகிறேன், ஆனால் ரெய்லியைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று ஆதங்கமாக இருக்கிறது. எனக்கு இது வைரஸ் படம் என்பதை விட, இரண்டு பேர் எதிரெதிர்த் திசையில் நடந்து ஒரு இடத்தில் குறுக்கே கடந்துபோகிற படம். முதலில் கோலுக்குத் தன் கதை உண்மை என்று தெரியும், ரெய்லி மனநல மருத்துவர், அவளுக்கு அவன் நோயாளி. போகப் போக அவளுக்கு ஆதாரம் சேர்கிறது. அவன் காலிலிருந்து எடுத்த குண்டு 1920-க்கு முந்தையது என்று போலீஸ் சொல்கிறது, முதல் உலகப் போர்ப் புகைப்படத்தில் அவன் முகம் இருக்கிறது, கிணற்றில் விழுந்ததாக ஊரே தேடுகிற பையன் உண்மையில் ஒரு களஞ்சியத்தில் ஒளிந்திருக்கிறான் என்று கோல் முன்பே சொன்னது அப்படியே நடக்கிறது. அவள் நம்ப ஆரம்பிக்கிற அதே நேரத்தில் கோல் தனக்குப் பைத்தியம்தான் என்று முடிவுசெய்து, குணப்படுத்துங்கள் என்று அவளிடம் கெஞ்சுகிறான். ஏன் என்று யோசித்துப் பாருங்கள். பைத்தியம் என்றால் 500 கோடிப் பேரும் சாக வேண்டாம். அவனும் இந்தக் காற்றில், இந்தப் பாட்டுகளோடு இருந்துவிடலாம். காரில் வானொலியில் பழைய பாட்டு வரும்போது தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி அழுகிறானே, வில்லிஸ் நடித்ததிலேயே எனக்கு மிகப் பிடித்த இடம் அது.

தூரதேசி, வட்டம் மூடிக்கொள்கிறது என்றீர்கள், சரி. அந்த வட்டம் இந்தப் படத்துக்கும் முந்தையது. கிரிஸ் மார்க்கர் 1962-ல் எடுத்த லா ஜெட்டே என்ற 28 நிமிஷப் பிரெஞ்சுப் படத்திலிருந்து எடுத்த கரு இது. அது கிட்டத்தட்ட முழுக்க அசையாத புகைப்படங்களால் ஆனது, ஒரே ஒரு இடத்தில் மட்டும் தூங்கி எழும் ஒரு பெண் கண்ணைத் திறந்து இமைப்பாள், அந்தச் சில நொடி மட்டும் படம் அசையும். அதிலும் விமான நிலையம், அதிலும் சின்ன வயதில் பார்த்த ஒரு மரணம். கில்லியம் படத்தில் கோலும் ரெய்லியும் தியேட்டரில் ஒளிந்துகொண்டு ஹிட்ச்காக்கின் வெர்டிகோ பார்க்கிறார்களே, அங்கே கோல் சொல்வது என்னவென்றால், படம் மாறுவதில்லை, பார்க்கிற நாம் மாறியிருப்பதால் வேறாகத் தெரிகிறது என்பது. மழைவாசகன், நீங்கள் இதை 2020-க்கு முன்னால் பார்த்திருந்தால் இதே கேள்விகளைக் கேட்டிருப்பீர்களா? நான் முதல் தடவை பார்த்தபோது, பீட்டர்ஸ் வைரஸோடு போகவிருந்த அந்த நகரப் பட்டியலை (சான் பிரான்சிஸ்கோ, நியூ ஆர்லியன்ஸ், ரியோ, ரோம், கின்ஷாசா, கராச்சி, பாங்காக், பீக்கிங்) காதில்கூட வாங்கவில்லை. இப்போது ஒவ்வொரு பெயருக்கும் வயிறு பிசைகிறது.


தூரதேசி பதில்:

காலச்சுழி, அந்த "பைத்தியம் என்றால் யாரும் சாக வேண்டாம்" என்பதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அது சரிதான்.

இன்று கடைசிப் பத்து நிமிஷத்தை மட்டும் மறுபடி போட்டுப் பார்த்தேன், பழையரீலுக்கு ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கிறேன். விமானத்தில் அந்தப் பெண் பீட்டர்ஸோடு கை குலுக்குகிறாள். குப்பியைத் திறந்த கை அது. இதற்கு முன்னால் நான் அதைக் கவனிக்கவே இல்லை, இன்சூரன்ஸ் என்ற வார்த்தையில் மட்டும்தான் காது இருந்தது. அவள் விஞ்ஞானி, அந்தக் கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்தேதான் நீட்டுகிறாள். அவர்கள் கைதிகளை மட்டும்தான் அனுப்புவார்கள் என்று நேற்று வரைக்கும் கோபமாக இருந்தேன்.


மழைவாசகன் எழுதியது:

கை குலுக்குவது எனக்கும் தெரியவில்லை. இன்று இரவு முதலிலிருந்து பார்க்கப்போகிறேன், இந்த முறை அந்தத் தொலைபேசி எண் எங்கெங்கே வருகிறது என்று கவனித்துக்கொண்டு. அப்புறம் லா ஜெட்டே.